உறைக்குள் ஓர் உறை

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. நாட்டில் அவசரகாலச் சட்டமும் ஊரடங்கும் நடைமுறையில் இருந்தன. நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் முகநூல், வட்ஸ்அப், டுவிட்டர், யூடியூப் முதலியன இலங்கையெங்கும் செயலற்றுப் போயின. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் இது செய்யப்பட்டது எனத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்தது. அன்றைய தினம் நாடு முழுவதும் நடைபெறவிருந்த ஆர்ப்பாட்டங்களை மனங்கொண்டு செய்யப்பட்ட காரியம் இது என்பதை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. தடை ஒரு முழு நாள்கூட நிலைக்கவில்லை, பிற்பகலில் நீக்கப்பட்டது. அதற்கிடையில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. அப்போதைய அமைச்சர்களுள் ஒருவரும் பிரதமரின் மைந்தருமான நாமல் ராஜபக்ஷ, மறிக்கப்பட்டிருந்த அதே டுவிட்டரில் தோன்றினார். இத்தகைய தடையைத் தாம் ஆதரிக்கப் போவதில்லை என்றும், தாம் அப்பொழுது பயன்படுத்திக்கொண்டிருந்த வீ.பீ.என். போன்ற சாதனங்கள் இருக்கையில் இவ்வாறான தடைகள் முற்றிலும் பயனற்றவை என்றும் எழுதினார்.

நாடு சிரித்தது. மறித்தவர்களின் அணியைச் சேர்ந்த ஒருவரே மறிப்பைத் தாண்டி வந்து, தாண்டுவது எளிது என்று கூறும்பொழுது சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஆயினும் அக்கூற்றில் அடங்கியிருந்த கருத்தை நாம் போதியளவு ஆராயவில்லை என்றே தோன்றுகிறது. தடை இருக்கிறது, அறிந்தவனை அது தடுக்காது, ஆகவே அது பெரிய விஷயமன்று. இக்கருத்து அமைச்சருக்கு மட்டும் உரியதன்று. கணினி பயின்ற நம் இளைஞர்களுட் பலரும், அரசியலில் அவருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நின்றவர்களும், இதனையே பெருமிதத்தோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். தனக்கென ஒரு வழி வைத்திருப்பவனுக்குப் பொதுவழி மறிக்கப்படுவது குறித்துக் கவலைப்படும் கடமை உண்டா? தன் வழியிற் பிறரையும் அழைத்துச் செல்பவன் அவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? முதலாவது கேள்வியை நாம் அடிக்கடி கேட்கிறோம். இரண்டாவதைக் கேட்பவர் அரிது, அதுவே கடினமானதும்கூட.

அவ்வழி எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். யுத்தகாலத்தில் வடபகுதியில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. வெளிநாட்டிலுள்ள மகனுக்கு எழுதிய கடிதத்தை உறையிலிட்டு ஒட்டி, அந்த உறையை இன்னோர் உறைக்குள் வைத்து, கொழும்பிலிருக்கும் மாமாவின் விலாசத்தை மேலே எழுதிப் பயணம் போகிற ஒருவர் கையிற் கொடுத்தனுப்புவோம். மாமா வெளியுறையைக் கிழிப்பார். உள்ளுறையின் பின்புறத்தில் அனுப்புநர் என்று தம் விலாசத்தை எழுதித் தபாலிற் சேர்ப்பார். பதில் மாமாவுக்கே வரும். அவர் அதனை மறுபடியும் ஓர் உறையிலிட்டு ஊருக்கு அனுப்பிவைப்பார். இடைவழியில் நிற்பவனுக்குத் தெரிவதெல்லாம் இந்த வீட்டாருக்கும் கொழும்பு மாமாவுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு என்பது மட்டுமே.

வீட்டு இணைய இணைப்பைத் தொலைவிலுள்ள ஒரு லினக்ஸ் கணினியின் வழியாகச் செலுத்துவது என்பதும் இதுவே. சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ ஒரு சேவரை, உண்மையில் ஒரு பெரிய சேவரின் சிறு பங்கை, மாதம் 5 அமெரிக்க டொலர் அளவில் வாடகைக்கு எடுக்கலாம். வீட்டிலுள்ள ரவுட்டர், வெளியே போகும் பொதிகள் அனைத்தையும் மறைகுறியாக்கி, அச்சேவரின் விலாசத்துக்கே அனுப்புகிறது. சேவர் வெளியுறையைப் பிரித்து, உள்ளிருப்பதைத் தன் பெயரில் உலகுக்கு அனுப்புகிறது. இவ்வாறு பெயர் மாற்றி அனுப்பும் செயலுக்கு லினக்ஸில் வழங்கும் பெயர் ‘மாஸ்கரேட்’. மாறுவேடம் என்பது பொருள். இன்னொரு சிறு செய்தியும் சிந்தனைக்குரியது. தன்னை வந்தடையும் ஒரு பொதி தனக்குரியதன்று எனில் அதனைக் கைவிட்டு விடுவதே சாதாரண லினக்ஸ் கணினியொன்றின் வழக்கம். 0 என்றிருக்கும் ஓர் அமைப்பை 1 என்று மாற்றினால், அது பிறருடைய பொதிகளையும் உரிய திசையிற் செலுத்தத் தொடங்கும். ஒரே இலக்கம் மாறுகிறது. தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் தபாற்காரனாகி விடுகிறான்.

இந்த வேலையை முன்னர் நிபுணர்களே செய்தனர். வயர்கார்ட் என்னும் செய்நிரல் வந்தபின் நிலைமை மாறியது. ஜேசன் டொனன்பெல்ட் என்பவர் எழுதிய இச்செய்நிரல் ஏறத்தாழ 4000 வரிகளே கொண்டது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான லினக்ஸ் கருவிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. விஷயம் தெரிந்தவன் ஒருவன் தேநீர் ஆறுவதற்குள் இதனை அமைத்து முடிக்கலாம். தூரத்துக்கு மட்டும் விலை கொடுத்தேயாக வேண்டும். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீற்றர் வேகத்திற் செல்கிறது. கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் நேர்கோட்டில் ஏறத்தாழ 2700 கிலோமீற்றர். போய்த் திரும்ப 27 மில்லிசெக்கன். கேபிள் நேர்கோட்டிற் செல்வதில்லையாதலால் உண்மையில் அதனினும் கூட. பக்கத்துத் தெருவிலுள்ள சேவரிலிருந்து வரவேண்டிய பத்திரிகைச் செய்தியும் சிங்கப்பூரைச் சுற்றியே வந்து சேரும்.

இனி, இதனாற் கிடைப்பது என்ன? சுதந்திரம் என்று சிலர் சட்டென்று கூறிவிடுகின்றனர். இங்கு ஒரு மயக்கம் இருக்கிறது.

இணைய சேவை வழங்கும் கொம்பனிக்கு, நாம் எந்த வாயிலைத் தட்டினோம் என்பது இப்பொழுது தெரியாது என்பது மெய்யே. பெரும்பாலான தளங்களில் உள்ளே பேசிய பேச்சு முன்னரே முத்திரையிடப்பட்டிருந்தது. ஆனால் தட்டிய வாயிலின் பெயரை அவர்கள் பார்க்கக் கூடியதாக இருந்தது. இப்பொழுது அதுவும் மறைந்தது. ஆனால் மறைந்தது அவர்களிடமிருந்து மட்டுமே. சேவரிலிருந்து புறப்படும் பொதிகளின் விலாசத்தைச் சேவருக்கு உரிமையுடைய வெளிநாட்டுக் கொம்பனி பார்க்கலாம். நாம் வாடகைக்கு எடுத்தது அவர்களுடைய யந்திரத்தின் ஒரு பங்காதலால், விரும்பினால் அதன் நினைவகத்தையே பிரதி செய்து கொள்ளவும் அவர்களால் இயலும். அவர்கள் கீழ்ப்படிவது அந்நாட்டுச் சட்டத்துக்கு. அச்சட்டத்தை இயற்றியதில் நமக்குப் பங்கில்லை. அதற்கு எதிராக வழக்காட நமக்குப் பணமுமில்லை. மேலும், பல்லாயிரம் பேர் ஒரே விலாசத்தின் பின்னால் நிற்கும் வியாபார வீ.பீ.என். சேவைகளிலேனும் கூட்டத்தில் மறையலாம். சொந்தச் சேவரின் விலாசம் ஒரே வீட்டுக்கு உரியது. ஊரில் ஒருவன் மட்டுமே அணிந்து திரியும் முகமூடியைக் கண்டு அவனை அடையாளம் காண முடியாதவர் எவர்?

இவை எல்லாவற்றிலும் பெரிய உண்மை ஒன்றுண்டு. நம் கடிதங்களை மிகுந்த அக்கறையோடு வாசிப்பவன் தபாற்காரனல்லன்; கடிதம் எவனுக்குப் போகிறதோ அவனே. முகநூலில் தன் பெயரோடும் படத்தோடும் நுழைகிறவன் சிங்கப்பூர் வழியாக வந்தால் என்ன, சீமை வழியாக வந்தால் என்ன, அவனை அந்நிறுவனம் அறியும். எதைப் பார்த்துத் தயங்கினான், எதைப் பார்த்துச் சினந்தான் என்பதைக் கணக்கிட்டு விளம்பரகாரருக்கு விற்பதே அதன் ஜீவனோபாயம். இதற்குச் சுரங்கப்பாதை பரிகாரமாகாது. அரசாங்கத்தின் கண்ணிலிருந்து தப்பியோடி வியாபாரியின் கடைக்குள் நுழைந்து மூச்சு விடுகிறோம்.

இதனால் இம்முயற்சி வீண் என்று கூறுவது என் நோக்கமன்று. நம்பிக்கை என்பதை ஒழித்துவிட முடியாது. அதனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றலாம். பல சந்தர்ப்பங்களில் அம்மாற்றமே உயிர்காக்கும். தன் நாட்டு அரசைப் பற்றி எழுதும் பத்திரிகையாளனுக்கு வெளிநாட்டுக் கொம்பனி அறிவதைவிட உள்ளூர் அதிகாரி அறிவதே ஆபத்து. யாருக்கு அஞ்சுகிறோம் என்பதைத் தெளிந்து, அவரிடமிருந்து மறைக்கும் வண்ணம் செய்வதே அறிவுடைமை. இங்கு அரைகுறை வேலை, வேலையே செய்யாமையினும் கேடு பயக்கும். பழைய முறை விலாசங்களைச் சுரங்கத்தினூடாகச் செலுத்திவிட்டு, புதிய ஐபி ஆறாம் பதிப்பு விலாசங்களை மறந்து விடுபவர் உளர். முன்படலையைப் பூட்டிவிட்டுப் பின்படலையைத் திறந்து போட்டது போன்றது இது. இணைப்பு இடையில் அறுந்தால் ரவுட்டர் ஓசையின்றிப் பழைய பாதைக்கே திரும்பிவிடுவதும் உண்டு. மறைந்திருக்கிறேன் என்று எண்ணிக் கொண்டு வெளிச்சத்தில் நிற்பவனின் நிலை பரிதாபமானது.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு ஏன் இந்த உறைக்குள் உறை என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தம் வீட்டு வருமான விபரத்தையோ வைத்தியரின் துண்டையோ சந்தியில் ஒட்டி வைப்பதில்லை. ஆயினும் நம் சமுதாயத்தில் இக்கேள்விக்கு ஒரு தனி முகமும் உண்டு. கிடுகுவேலிப் பண்பாடு என்று யாழ்ப்பாணத்தாரை நாமே ஏளனம் செய்து வந்திருக்கிறோம். அந்த வேலி, வீட்டிலுள்ளவரைப் பிறர் கண்ணிலிருந்து காத்தது. கூடவே யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதையும் தீர்மானித்தது. வேலியை எதிர்த்தவர்கள் எதிர்த்தது இரண்டாவது காரியத்தையே. கடித உறை அத்தகைய வேலியன்று. அது எவரையும் முற்றத்தில் நிறுத்திவைப்பதில்லை. எழுதியவன் யாருக்கு எழுதினானோ அவன் வாசிக்கட்டும் என்று மட்டும் சொல்கிறது.

இனி அந்த இரண்டாவது கேள்விக்கு வருவோம். வீட்டில் இதனை அமைப்பவர் பெரும்பாலும் மகனோ மூத்த அண்ணனோ ஆவார். அமைத்தவுடன் அவர் செய்தது தமக்கு மட்டுமன்று. ரவுட்டரில் அமைத்தமையால் தாயின் கைத்தொலைபேசியும் தங்கையின் கணினியும் கூடத்திலுள்ள தொலைக்காட்சியும் அவர் சேவரின் வழியாகவே செல்லும். யாரிடமும் கேட்கப்படவில்லை. தளங்களின் பெயரை எண் விலாசமாக மாற்றித் தரும் பணியையும் அச்சேவரே செய்யுமாயின், எந்தக் கருவி எந்த நேரத்தில் எந்தப் பெயரைக் கேட்டது என்பதை ஓர் ஏட்டில் பதிந்து வைக்க அதனால் முடியும். தங்கை நள்ளிரவில் எந்த நோயைப் பற்றித் தேடினாள், விவாகரத்துச் சட்டம் பற்றிய பக்கத்தை எத்தனை முறை திறந்தாள் என்பதையெல்லாம் முன்பு ஊர்பேர் தெரியாத ஒரு கொம்பனி அறிந்திருக்கக்கூடும். அக்கொம்பனிக்கு அவள் ஓர் எண். இப்பொழுது அண்ணன் அறியக்கூடும். அண்ணனுக்கு அவள் தங்கை. அவளுடைய மணம், படிப்பு, போக்குவரத்து ஆகியவற்றில் தனக்கு அதிகாரம் உண்டு என்று வளர்க்கப்பட்டவன் அவன்.

அந்தரங்கம் என்னும் பெயரால் அமைக்கப்பட்ட கருவி, வீட்டின் மிகப் பலவீனமானவரின் அந்தரங்கத்தை வீட்டின் மிகப் பலமானவரின் கையில் ஒப்படைத்துவிட்டது. அரசின் கண்காணிப்பைக் கண்டித்து முழங்கும் எத்தனையோ ஆண்மக்கள் தம் வீட்டு ஏட்டைப் புரட்டிப் பார்ப்பதில் பிழையொன்றும் காண்பதில்லை. அன்பினாற் செய்கிறோம் என்பார்கள். அரசாங்கங்களும் பாதுகாப்புக் கருதியே செய்கின்றன என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஏட்டை வைக்காதிருக்க முடியும் என்பதே இங்கு முக்கியம். பதிவு செய்யும் அமைப்பை நிறுத்திவிடலாம். நிறுத்தியதை வீட்டாருக்குச் சொல்லலாம். விரும்பாதவருடைய கருவியைச் சுரங்கத்துக்கு வெளியே விடலாம். இவை மூன்றும் சில நிமிட வேலை. எனினும் தெருவிலுள்ள பொலிஸ்காரனை எதிர்ப்பதைவிட நம்மிற் பலருக்கு இது கடினமாக இருக்கிறது.

வீட்டுக்கு வெளியேயும் இதே சங்கடம் தொடர்கிறது. நண்பர்கள் நால்வருக்கும் மாமி வீட்டாருக்கும் வழி திறந்து கொடுத்தாயிற்று. அவர்களுள் ஒருவன் அவ்வழியே நஞ்சை அனுப்பினால்? இது வெறுங்கற்பனையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தில் திகன முதலிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட வேளையில், அவ்வெறி முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் ஊட்டி வளர்க்கப்பட்டது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் அவற்றை மறித்தது. மறிப்பு ஒரு வாரம் அளவில் நீடித்தது. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னரும் மறித்தது. எரிந்த ஊரில் இருக்கும் தமக்கை உயிரோடிருக்கிறாளா என்று அறியத் துடித்தவனும் சுரங்கத்தினூடாகவே வந்தான்; அடுத்த ஊருக்குத் தீயைக் கொண்டுபோக நினைத்தவனும் சுரங்கத்தினூடாகவே வந்தான். சுரங்கத்துக்கு இருவரும் ஒன்றே. முகநூல் நிறுவனம் தன் தளம் அவ்வன்முறைக்குப் பயன்பட்டமைக்காக 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகள் இரண்டு ஆண்டுகள் பழையனவாகி விட்டன.

ஆகவே தடை நியாயமானதே என்று சிலர் முடிவு செய்வர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெறுப்பை எழுதியவன் இன்னானென்று அறிந்தும் அவனைப் பிடிக்காத அரசு, அவனோடு சேர்த்து நாட்டிலுள்ள அனைவருடைய வாயையும் பொத்தியது என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. ஆனால் அரசை இவ்வாறு குறைகூறுபவன், தன் சேவரைப் பற்றிய அதே கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன். உள்ளுறைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் மாமா தணிக்கை அதிகாரியாகி விடுவார். எதையும் கேளேன், எதற்கும் நான் பொறுப்பல்லேன் என்றிருந்தாலோ, முகநூல் நிறுவனம் நீண்டகாலம் சொல்லிவந்த சாட்டை இவரும் சொன்னவராவார்.

இதற்கு வயர்கார்ட்டின் அமைப்பிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறவுகோல். திறவுகோல் இல்லாதவன் எவ்வளவு தட்டினாலும் சேவர் பதிலே கூறாது. அங்கே ஒரு கதவு இருப்பதையே காட்டிக்கொள்ளாது. திறவுகோலைக் கொடுப்பவன் அதனைப் பெறுபவனை அறிந்தே கொடுக்கிறான். கடிதத்தை வாசித்துப் பொறுப்பேற்பதற்குப் பதிலாக, ஆளை அறிந்து பொறுப்பேற்கலாம். அவன் செய்த தீங்கு வேறு வழியால் வெளிவந்தால் திறவுகோலைப் பறிக்கலாம். ஏன் பறித்தேன் என்பதை முகத்துக்கு நேரே சொல்லலாம். இது நாலைந்து குடும்பங்களுக்குச் சரிவரும். நாலாயிரம் பேருக்குச் சரிவராது. ஆளை அறிய முடியாத எண்ணிக்கைக்குத் திறவுகோல் கொடுக்கத் தொடங்கும்பொழுது அது உறவினர் செய்யும் உபகாரமாக இராது, வியாபாரமாகிவிடும். அதற்குச் சட்டங்களும் வேறாக வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் வீ.பீ.என். நடத்துவோர் வாடிக்கையாளரின் பெயர் விபரங்களை ஐந்தாண்டு காலம் வைத்திருக்க வேண்டுமென ஒரு பணிப்பு விடுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் தம் சேவர்களை அந்நாட்டிலிருந்தே அகற்றிக்கொண்டன. இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லக்கூடாது என்பதில் ஓர் ஆணைக்குழுவுக்கு மிகுந்த அதிகாரத்தை அளித்தே நிறைவேற்றப்பட்டது. இவை குறித்து விவாதம் நடந்த வேளைகளிலும், எங்களுக்கென்ன, சேவர் இருக்கிறது என்று தோளைக் குலுக்கியவர்கள் உண்டு.

அவ்வாறு தோளைக் குலுக்க யாருக்கு முடியும் என்பதையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். 5 டொலர் என்பது ஏறத்தாழ 1500 ரூபா. 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்துக்கு ஒரு நாள் முழுதும் கொழுந்து பறித்தாலும் அந்த மாத வாடகை தேறவில்லை. தேறினாலும் அதனை வெளிநாட்டுக்குச் செலுத்தும் வங்கி அட்டை வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகளை வாசித்து விளங்கும் கல்வி வேண்டும். இலவச வீ.பீ.என். செயலிகள் உள்ளனவே என்பர். அவற்றுட் பல எதை விற்று வாழ்கின்றன என்று கேட்டால் விடை இனிமையாக இராது. அமைச்சரின் தாண்டலுக்கும் தோட்டத்து மகளின் முடக்கத்துக்கும் இடையில் நிற்பது திறமை மட்டுமன்று.

இதிலுள்ள முரண்பாடு இன்னும் ஆழமானது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த லினக்ஸ், உலகெங்குமுள்ள எண்ணற்றோரின் கூட்டு உழைப்பால் வளர்ந்தது. அதன் மூலவரிகளை எவரும் வாசிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். மாற்றிய பிரதியைப் பிறருக்குக் கொடுப்பவன் அதே உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமப் பத்திரத்தின் நிபந்தனை. மனிதர் பொதுவாக ஆக்கிய பொருள்களுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. அத்தகைய பொதுச் சொத்தைக் கொண்டு நாம் வெட்டுவதோ தனித்தனி ஒற்றையடிப் பாதைகள். வெட்டக்கூடாதென்று சொல்ல மாட்டேன். நெருக்கடியில் வெட்டத்தான் வேண்டும். அன்று வெட்டியவர்களாற்றான் பல செய்திகள் வெளியுலகை எட்டின. ஆனால் வெட்டத் தெரிந்தவர்களே, பொதுப்பாதை மறிக்கப்படுவதைப் பற்றி வாதாடவும் தெரிந்தவர்கள். எந்தக் கம்பி எங்கே அறுக்கப்பட்டது, யார் உத்தரவால் அறுக்கப்பட்டது என்பதைச் சான்றோடு எழுதக்கூடியவர்களும் அவர்களே. அவர்கள் வாய் திறவாதிருப்பார்களாயின், மறித்தவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

அந்த ஏப்ரல் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையன்று பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரடங்கை மீறி வீதிக்கு வந்தனர். பொலிசார் கண்ணீர்ப்புகை வீசினர். கொழும்பில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சுதந்திர சதுக்கத்தை நோக்கி நடந்து சென்றனர். பல ஊர்களில் மக்கள் கையால் எழுதிய மட்டைகளைப் பிடித்துக்கொண்டு தம் வீட்டுப் படலையடியில் நின்றனர். மனித உரிமைகள் ஆணைக்குழு தடை குறித்து அதிகாரிகளிடம் விளக்கம் கோரியது. தடை பிற்பகலில் நீங்கியது. அன்றிரவே பிரதமர் ஒழிந்த அமைச்சரவை பதவி விலகியது. மட்டை பிடித்து நின்றவர்களுட் பலருக்கு வீ.பீ.என். என்றால் என்னவென்று தெரிந்திராது.